முகப்பதும் நிறுப்பதும்: பேக்கரி மாவின் அளவு

ஒரு டம்ளர் மைதா எத்தனை கிராம் என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. 240 மி.லி. கொள்ளும் கோப்பையில் சலித்த மைதாவை மெல்லத் தூவி நிரப்பினால் ஏறத்தாழ 105 கிராம் நிற்கும். கரண்டியால் அள்ளிப் போட்டுத் தலை தட்டினால் 120 முதல் 125 வரை வரும். கோப்பையையே மூட்டைக்குள் விட்டு அள்ளினால் 140, 145 ஆகும். அள்ளியதை மேடையில் இரண்டு தட்டுத் தட்டி, இறங்கிய இடத்தை மறுபடி நிரப்பினால் 150-ஐயும் தாண்டும். மாவு அதே மாவு, கோப்பையும் அதே கோப்பை, கை மட்டும்தான் வேறு.

மாவுக்குள் இருக்கும் காற்றுதான் இதற்குக் காரணம். மைதாத் துகள் தண்ணீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. இடைவெளியே இல்லாமல் அடைக்க முடிந்தால் 240 மி.லி. கோப்பையில் 350 கிராம் அளவுக்கு மாவு கொள்ள வேண்டும். கிடைப்பதோ 120 கிராம். மீதி மூன்றில் இரண்டு பங்கு வெறும் காற்று. மைதாவைக் கோப்பையால் அளப்பவர் மாவைவிடக் காற்றைத்தான் அதிகம் அளக்கிறார். சலித்தால் காற்று கூடும், குலுக்கினால் குறையும். அடுக்கில் அடியில் கிடந்து மேல்மூட்டைகளின் பாரம் தாங்கிய 50 கிலோ மூட்டையின் மாவும், மில்லில் அப்போதுதான் அரைத்துச் சூடாக வாங்கிய மாவும் ஒரே கோப்பையில் ஒரே எடை காட்டாது. அரைத்த மாவை டப்பாவில் போட்டு சைக்கிளில் வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் அது இரண்டு விரல் இறங்கியிருப்பது எல்லோரும் பார்த்ததுதான்.

தமிழ்நாட்டுச் சமையலறைக்கு முகத்தல் அளவை புதிதல்ல. ஆழாக்கு, உழக்கு, படி, மரக்கால் எல்லாமே முகந்து அளப்பவைதான். அந்த அளவில் இட்லியும் கெட்டதில்லை, முறுக்கும் கெட்டதில்லை. ஏனென்றால் அங்கே அளக்கப்பட்டது தானியம். நான்கு ஆழாக்குப் புழுங்கலரிசிக்கு ஓர் ஆழாக்கு உளுந்து என்று போடும்போது இரண்டும் முழு மணிகள். லிட்டருக்கு 750 முதல் 850 கிராமுக்குள் அடங்குபவை. குலுக்கினாலும் அதிகம் இறங்காது. முகத்தல் விகிதமும் எடை விகிதமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்துவிடும். அளந்த பிறகுதான் ஊறவைப்பதும் அரைப்பதும். முறுக்குக்கும் அரிசியை அளந்தே மில்லுக்கு அனுப்பினார்கள். பேக்கரி வேலையில் இந்த வரிசை தலைகீழ். ஆலையில் அரைத்த மாவு மூட்டையாக வந்து இறங்குகிறது; அளப்பது அதற்குப் பிறகுதான். படி பழகிய கை மைதாவில் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

தானியத்திலேயே கோபுரமாகக் குவித்த படிக்கும் தலை தட்டிய படிக்கும் உள்ள வித்தியாசம் சிறிதல்ல என்பது விற்றவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். செங்குன்றத்து அரிசி மண்டிகளில் இன்று பேச்சு மூட்டையிலும் கிலோவிலும்தான் நடக்கிறது. இந்தியா 1956-இல் எடை, அளவுகளுக்கான தரநிலைச் சட்டத்தை இயற்றியது. 1958 அக்டோபர் 1 முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. 1962-க்குள் பலமும் வீசையும் சட்டப்படி கடைத் தராசைவிட்டு இறங்கின. ஆனால் வீட்டு நோட்டுகளில் அவை இன்னும் இருக்கின்றன. ஒரு பலம் சுமார் 35 கிராம். 40 பலம் ஒரு வீசை, அதாவது 1.4 கிலோ. பாட்டியின் நோட்டில் ‘மைதா அரை வீசை’ என்று இருந்தால் அதை 700 கிராம் என்று நம்பி மாற்றலாம், அது எடை. ‘மைதா அரைப்படி’ என்று இருந்தால் அப்படி மாற்ற முடியாது. படி ஊருக்கு ஊர் வேறுபட்டது. எழுதியவர் மாவைக் குவித்தாரா, தலை தட்டினாரா என்பதையும் நோட்டு சொல்லாது. அத்தகைய குறிப்பை முதலில் கால் பங்கு அளவில் செய்து பார்த்து, சரிவந்த எடையைப் பக்கத்தில் கிராமில் எழுதிவைப்பதே வழி.

ஈழத்தவர் வீட்டுக் குறிப்புகள் கும்மிடிப்பூண்டி மறுவாழ்வு முகாமை ஒட்டிய பகுதியில் கைக்குக் கிடைப்பது அரிதல்ல. அவற்றில் வரும் ‘சுண்டு’ என்பதும் முகத்தல் அளவுதான். அங்கே ‘கோதுமை மா’ என்றால் மைதா போன்ற வெள்ளை மாவு. இங்கே கோதுமை மாவு என்றால் சப்பாத்திக்கான ஆட்டா. ‘அவித்த மா’ என்று இருந்தால் ஆவியில் வேகவைத்துச் சலித்த மாவு. அதன் எடைக் கணக்கு பச்சை மாவின் கணக்கோடு ஒத்துவராது. அளவை மாற்றும் முன் மாவு எது என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கைப்பேசியில் பார்த்துச் செய்யும் கேக் குறிப்புகளில் பெரும்பகுதி அமெரிக்கக் கோப்பையில் எழுதப்பட்டவை. பாஸ்டன் சமையல் பள்ளியைச் சேர்ந்த ஃபேனி ஃபார்மர் 1896-இல் வெளியிட்ட சமையல் நூல்தான் தலை தட்டிய கோப்பை, தலை தட்டிய கரண்டி என்ற பழக்கத்தை அந்நாட்டில் பரப்பியது. அமெரிக்கக் கோப்பை 236.6 மி.லி.; வழக்கில் 240 என்று கொள்வார்கள். ஆஸ்திரேலியக் கோப்பை 250. ஜப்பானியக் கோப்பை 200. பிரிட்டனின் பழைய கோப்பை 284. மின்சார ரைஸ் குக்கர் வாங்கும்போது உடன் வரும் பிளாஸ்டிக் கோப்பை பெரும்பாலும் 180 மி.லி.தான், அது ஜப்பானிய அரிசி அளவிலிருந்து வந்தது. அதைக் ‘கப்’ என்று நினைத்துக் கேக் செய்தால் எல்லாப் பொருளும் கால்பங்கு குறையும். கோப்பையால் அளந்தவை எல்லாம் ஒரே விகிதத்தில் குறைவதால் அதில் பெரிய கேடில்லை. ஆனால் முட்டையை எண்ணியும் பேக்கிங் பவுடரைக் கரண்டியாலும் போடுவதால் அவை குறையாது. கேக் கெடுவது அந்த இடத்தில்தான். மேசைக்கரண்டி பொதுவாக 15 மி.லி., ஆஸ்திரேலியாவில் மட்டும் 20.

எவர்சில்வர் டம்ளர்களுக்கு எந்தத் தரமும் கிடையாது. ஒரே வீட்டு அலமாரியில் நான்கு அளவு இருக்கும். அதனால் அளவுக்கென்று ஒரு டம்ளரை ஒதுக்கி, அதன் கொள்ளளவைத் தண்ணீரால் கண்டுபிடித்துவிட வேண்டும். காலி டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி நிறுக்க வேண்டும். தண்ணீர் ஒரு மி.லி.க்கு ஒரு கிராம் என்பதால் தராசு காட்டும் கிராமே டம்ளரின் மி.லி. அளவு. தராசு 270 என்று காட்டினால் அது 270 மி.லி. டம்ளர். விளிம்பு மடிந்த டம்ளரில் தண்ணீர் நிற்கும் மட்டமும் மாவைத் தலை தட்டும் மட்டமும் சற்று வேறாக இருக்கும். நேராக வெட்டிய விளிம்புள்ள டம்ளர் நல்லது.

கொள்ளளவு தெரிந்த பின் கிராமுக்கு மாற்ற ஒரு பெருக்கல் போதும்: மி.லி. அளவை அந்தப் பொருளின் எண்ணால் பெருக்க வேண்டும். கரண்டியால் அள்ளிப் போட்டுத் தலை தட்டிய மைதாவுக்கு அந்த எண் 0.52. ஆட்டாவுக்கும் ஏறத்தாழ அதே. மில்லில் சற்றுக் கொரகொரப்பாக அரைத்திருந்தால் கொஞ்சம் மாறும். கார்ன்ஃப்ளோர் என்று விற்கும் சோள மாவுக்கு 0.5. அரிசி மாவு கனம், 0.6-லிருந்து 0.65. ரவை அதைவிடக் கனம், 0.7. கடலை மாவு ஏமாற்றும். பார்வைக்கு நிறைய இருந்தாலும் 0.4தான். கோகோத் தூள் 0.35. படிகச் சர்க்கரை 0.84, அதையே பொடித்துச் சலித்தால் 0.5. எண்ணெய் 0.92, வெண்ணெய் 0.95.

270 மி.லி. டம்ளரில் மைதா 140 கிராம், ரவை 189, கடலை மாவு 108. எடையிலிருந்து டம்ளருக்குத் திரும்ப வேண்டுமானால் வகுக்க வேண்டும். அரை கிலோ மைதாவை 0.52-ஆல் வகுத்தால் 962 மி.லி.; அதை 270-ஆல் வகுத்தால் மூன்றரை டம்ளருக்கு மேல் ஒரு மேசைக்கரண்டி.

இந்த எண்கள் தொடக்கத்துக்குத்தான். ஒவ்வொரு கைக்கும் அதற்கான எண் உண்டு, அதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். வழக்கமாக வாங்கும் மைதாவை வழக்கமான முறையில் டம்ளரில் நிரப்பி ஐந்து முறை நிறுக்க வேண்டும்; ஒவ்வொரு முறையும் மாவைத் திரும்பக் கொட்டிப் புதிதாக அள்ள வேண்டும். 136, 143, 139, 147, 140 என்று வந்தால் சராசரி 141. அதை 270-ஆல் வகுத்தால் 0.52. சராசரியைப் போலவே முக்கியமானது அந்த ஐந்து எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. இங்கே அது 11 கிராம். 20 கிராமைத் தாண்டினால் அந்தக் கைக்கு எந்த மாற்றுப் பட்டியலும் உதவாது. அந்த வீட்டில் தராசு வாங்குவதே சிக்கனம்.

தராசு பற்றிக் கும்மிடிப்பூண்டிப் பகுதிக்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. அங்குள்ள சிப்காட்டின் இரும்பு உருட்டாலைகளுக்கு வரும் லாரிகள் எடைமேடையில் இரண்டு முறை ஏறும்: காலி வண்டியாக ஒரு முறை, பாரத்தோடு ஒரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. சமையலறைத் தராசில் பூஜ்யமாக்கும் பொத்தான் செய்வதும் இதையேதான். பாத்திரத்தை வைத்துப் பொத்தானை அழுத்தினால் வண்டியின் எடை கழிந்துவிடும். மைதா கொட்டி மறுபடி அழுத்தி, சர்க்கரை கொட்டி மறுபடி அழுத்தி, ஒரே பாத்திரத்தில் எல்லாவற்றையும் நிறுத்துவிடலாம். கழுவ வேண்டிய கோப்பையும் கரண்டியும் மிச்சம். தண்ணீர், பால், எண்ணெய் எல்லாவற்றையும் கிராமிலேயே நிறுப்பது நல்ல பழக்கம். அளவுக் குவளையின் கோட்டைக் குனிந்து பார்ப்பவர் கண்ணும் நின்று பார்ப்பவர் கண்ணும் ஒன்றாகாது.

சில கிராம் வித்தியாசத்துக்கு இவ்வளவு பாடா என்று தோன்றலாம். சாதாரணப் பன்னை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் விடை தெரியும். பேக்கரி மாஸ்டர்கள் எல்லாப் பொருளையும் மாவுக்கு இத்தனை சதவீதம் என்று கணக்கிடுவார்கள். மாவு எப்போதும் 100. மைதா 100, தண்ணீர் 56, சர்க்கரை 15, வனஸ்பதி 6, உப்பு 1.5, உலர் ஈஸ்ட் 1.2 என்பது ஒரு நடுத்தரமான கணக்கு. ஒரு கிலோ மைதாவுக்குத் தண்ணீர் 560 கிராம், சர்க்கரை 150, வனஸ்பதி 60, உப்பு 15, ஈஸ்ட் 12. மொத்தம் 1,797 கிராம். 60 கிராம் உருண்டையாகப் பிடித்தால் கையிலும் பாத்திரத்திலும் ஒட்டியது போக 29 பன்.

அதே குறிப்பை 240 மி.லி. கோப்பையில் ‘மைதா 8 கப்’ என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளலாம். எழுதியவர் கரண்டியால் நிரப்பியவர். அவருக்கு ஒரு கப் 125 கிராம், எட்டுக்கு 1,000. செய்பவர் மூட்டைக்குள் கப்பை விட்டு அள்ளுகிறார். அவருக்கு ஒரு கப் 145, எட்டுக்கு 1,160. தண்ணீர் அதே 560 கிராம். மாவுக்குத் தண்ணீர் 56 சதவீதமாக இருந்தது 48-ஆகக் குறைந்துவிட்டது. மாவு இறுகிப் பிசைய வராது, சரியாக உப்பாது. வெந்த பன் அன்று மாலையே காய்ந்து உதிரும். பழி ஈஸ்ட் மேல் விழும், இல்லையென்றால் ஓவன் மேல். கேக்கில் இன்னும் மோசம். வெண்ணெயும் சர்க்கரையும் முட்டையும் தாங்கும் அளவைவிட மாவு 16 சதவீதம் அதிகமானால் மேலே வெடித்து நடுவில் குன்றாக எழும்பி உள்ளே வறண்டு போகும். சம எடை கேக் என்ற பழைய முறையில் மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை நான்கும் ஒரே எடை. அதைச் சம கப் என்று படித்தவர் கதி இன்னும் பாவம்: ஒரு கப் மைதா 125 கிராம், சர்க்கரை 200, வெண்ணெய் 227.

சதவீதக் கணக்கின் பெரிய வசதி, அளவைப் பெருக்கும்போதுதான் தெரியும். வீட்டில் 250 கிராம் மைதாவில் செய்து பார்த்த பன்னை, ஷிப்ட் டீக்கு 300 வேண்டும் என்று காக்களூர் தொழிற்பேட்டையிலோ தேர்வாய்க்கண்டிகையிலோ ஒரு கேண்டீன் கேட்டால், கிலோவுக்கு 29 பன் என்ற கணக்கில் 300-ஐ 29-ஆல் வகுத்தால் 10.3. பத்தரைக் கிலோ மைதா எடுத்தால் போதும். மற்றவை தாமே வந்துவிடும்: தண்ணீர் 5,880 கிராம், சர்க்கரை 1,575, ஈஸ்ட் 126. இதைக் கப்பில் எண்ண முயன்றால் 84 கப். நாற்பதாவது கப்பில் யாராவது கூப்பிட்டால் எண்ணிக்கை போயிற்று.

எடையாலும் பிடிக்க முடியாத ஒன்று உண்டு: மாவுக்குள்ளேயே இருக்கும் ஈரம். மைதாவிலும் ஆட்டாவிலும் ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்புத் தர விதி. ஆலையிலிருந்து 12 சதவீத ஈரத்தோடு புறப்பட்ட மூட்டை, பழவேற்காட்டுப் பக்கத்துக் கடல்காற்றில் ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் திறந்தே கிடந்தால் 14-ஐ எட்டும். 12 சதவீத ஈரமுள்ள ஒரு கிலோ மைதாவில் உலர்ந்த மாவு 880 கிராம். 14 சதவீதத்தில் 860. தராசு இரண்டையும் ஒரு கிலோ என்றே காட்டும். மழைக்காலத்தில் குறிப்பிலுள்ள தண்ணீரில் கிலோவுக்கு 20 முதல் 40 கிராம்வரை நிறுத்திவைத்து, பிசையும்போது மாவு கேட்டால் மட்டும் சேர்ப்பது வழக்கம். சித்திரை வெயிலில் அது முழுவதும் தேவைப்படும். தண்ணீர் இழுப்பதில் மாவுக்கு மாவும் வேறுபாடு உண்டு. தவிடு சேர்ந்த ஆட்டா மைதாவைவிட அதிகம் இழுக்கும். ஆகவே மைதாவுக்குப் பதில் அதே எடை ஆட்டா என்று மாற்றுகிறவர் தண்ணீரையும் மாற்ற வேண்டும்.

சிறு அளவுகளில் முகத்தலே வெல்லும். மளிகைக் கடைகளில் உள்ள 30 கிலோ மின்னணுத் தராசு பெரும்பாலும் ஐந்து ஐந்து கிராமாகத்தான் நகரும். அதன் தகட்டில் குறைந்தபட்சம் 100 கிராம் என்று போட்டிருக்கும். அதில் 12 கிராம் ஈஸ்டை நிறுப்பது லாரி எடைமேடையில் பூசணிக்காயை நிறுப்பதைப் போன்றது. ஒரு கிராம் துல்லியமுள்ள வீட்டுத் தராசும் மூன்று, நான்கு கிராமில் தடுமாறும். தலை தட்டிய 5 மி.லி. தேக்கரண்டியில் உலர் ஈஸ்ட் சுமார் 3 கிராம், பேக்கிங் பவுடரும் சமையல் சோடாவும் நாலரை முதல் 5 கிராம், தூள் உப்பு 6 கிராம். கல்லுப்புக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கல்லின் பருமனுக்கேற்ப மாறும், பொடித்து அளக்க வேண்டும். அளவு பெருகி 10 கிராமைத் தாண்டினால் அரை கிராம் காட்டும் சிறு தராசு வாங்கிக்கொள்ளலாம். முட்டையை எண்ணாமல் உடைத்து நிறுப்பது மேல்: ஓடு நீக்கிய முட்டை ஏறத்தாழ 45-லிருந்து 50 கிராம். பத்து முட்டையில் 50 கிராம் வித்தியாசம் என்றால் ஒரு முழு முட்டை.

விற்பனைக்குச் செய்பவர்களுக்கு எடை இரண்டாவது முறையும் குறுக்கே வரும். பொட்டலத்தில் அடைத்து விற்கும் கேக், பன், பிஸ்கட்டின் மேல் நிகர எடையைக் கிராமில் அச்சிட வேண்டும். உறையின் எடை அதில் சேராது. வேகும்போது தண்ணீர் ஆவியாகிப் போவதால் 60 கிராம் உருண்டை 60 கிராம் பன் ஆகாது. பத்தில் ஒரு பங்குக்கு மேல்கூடக் குறையும். ஆறிய பின் நிறுத்த எடைதான் பொட்டலத்துக்குரிய எடை. ஆன்லைனில் வாங்கும் சமையலறைத் தராசு வீட்டுக்குத்தான். அதில் நிறுத்து விற்கக் கூடாது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி விற்பனைக்குப் பயன்படும் மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மறுமுத்திரை வேண்டும். தமிழ்நாட்டில் இந்த வேலை தொழிலாளர் துறையின் பொறுப்பு. முத்திரையில்லாத தராசும் காலாவதியான முத்திரையும் சட்டத்தின் முன் ஒன்றுதான்.

வீட்டுத் தராசையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். தெரிந்த கடையில் முத்திரை உள்ள ஒரு கிலோ படிக்கல்லை வாங்கி வைத்துப் பார்த்தால் போதும். மேடை ஆடினாலும், மேலே ஓடும் மின்விசிறியின் காற்று பட்டாலும், மின்கலம் தளர்ந்தாலும் எண் நிலைகொள்ளாது. மின்கலம் எப்படியும் தீபாவளிக்கு முதல்நாள் இரவில்தான் தீரும். அந்த இரவுக்காகவே ஒதுக்கிய டம்ளரின் கொள்ளளவையும், அதில் நிற்கும் மைதா, ஆட்டா, ரவை, சர்க்கரையின் எடையையும் ஒரு தாளில் எழுதி மாவு டப்பாவின் மூடிக்கு உட்புறம் ஒட்டிவைக்கவும். அந்த டம்ளரில் யாருக்கும் காபி கொடுக்க வேண்டாம்.